மரினா குடாவுக்கு மாறும் கச்சேரிகளுக்குச் சிறிய அரங்கே ஏற்றது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோயில் மண்டபங்களிலும் சமூக மன்றங்களிலும் நடைபெறும் கர்நாடக இசைக் கச்சேரிகளை மரினா குடாவின் கரையிலுள்ள எஸ்பிளனேட் கலையரங்குகளுக்கு மாற்றினால் இசைக்கு மதிப்புக் கூடும், இளையர்களும் வருவார்கள் என்ற கருத்து சிங்கப்பூர் ரசிகர்களிடையே அவ்வப்போது எழுகிறது. இடமாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. எஸ்பிளனேடில் 2002 முதல் நடைபெற்றுவரும் கலா உத்சவம் என்னும் இந்தியக் கலை விழா, நம் கலைகளுக்கு அங்கே உரிய இடம் உண்டு என்பதை ஏற்கெனவே காட்டிவிட்டது. ஆனால், அந்த வளாகத்தில் எந்த அரங்குக்குச் செல்வது என்ற கேள்வி போதிய அளவு பேசப்படாததால் இதை எழுதுகிறேன்.

கச்சேரி இயல்பிலேயே சிறிய அறைக்கு உரிய கலை. மேடையில் பாடகர், வயலின், மிருதங்கம், தம்பூரா, அமைந்தால் கடமோ கஞ்சிராவோ என நான்கைந்து பேருக்கு மேல் இருப்பதில்லை. மேற்கத்திய இசையில் நான்கு தந்திக் கலைஞர்கள் அமர்ந்து வாசிக்கும் குழுக்களும் பிரபுக்களின் மாளிகைக் கூடங்களில் வளர்ந்தவைதாம். ஒருவர் செய்வதை மற்றவர் அக்கணமே கேட்டு விடை சொல்வதில்தான் இரண்டின் உயிரும் இருக்கிறது. பாடலின் ஒரு வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் பாடகர் ஒரு சொல்லைப் புதிய இடத்தில் எடுக்கும்போது வயலின் கலைஞர் புருவத்தை உயர்த்துவதும், மிருதங்கம் வாசிப்பவர் வலப்பக்கமான வலந்தலையை விட்டு இடப்பக்கமான தொப்பியில் மட்டும் மெல்லக் கும்கி என்னும் தாழ்ந்த ஒலி கொடுத்து ஒதுங்கிக்கொள்வதும், முன்வரிசையில் தாளம் போடும் ரசிகரின் கையைப் பாடகர் ஓரக்கண்ணால் கவனிப்பதும் சேர்ந்ததுதான் கச்சேரி. நாற்பதாவது வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் எட்டாது.

எஸ்பிளனேடின் பெரிய இசையரங்கில் சுமார் 1,600 இருக்கைகள் உள்ளன. ஒலியியலில் உலகப் புகழ் பெற்ற ரஸ்ஸல் ஜான்சன் வகுத்த அந்த அரங்கு ஓர் அற்புதம் என்பதில் இரு கருத்தில்லை. நூறு பேர் கொண்ட சிம்பொனி இசைக்குழுவின் ஒலி அங்கே ஒரு கணம் கூடுதலாகத் தங்கி நிறைவு பெறுகிறது. ஆனால் அதே தங்கல், மூன்றாம் காலம் என்னும் மிக வேகமான நடையில் மிருதங்கம் வாசிக்கும் தாளச் சொற்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழப்பிவிடும். அடுத்து, 2022 அக்டோபரில் திறக்கப்பட்ட 550 இருக்கைகள் கொண்ட சிங்டெல் வாட்டர்ஃபிரண்ட் அரங்கு. பெயரிலேயே நீர்முனையைத் தாங்கி நிற்பதாலும், பெரியதும் சிறியதுமாக இல்லாமல் இடைப்பட்ட அளவில் இருப்பதாலும், பலருடைய கண்ணும் அதன்மேல் விழுவது இயல்பே. நாடகத்துக்கும் நடனத்துக்கும் ஏற்றபடி இருக்கைகளை மாற்றி அமைத்துக்கொள்ளும் வசதி அதன் சிறப்பு. நாடகத்துக்குப் பேச்சு தெளிவாகக் கேட்டால் போதும். குரலுக்கும் தம்பூராவின் சுருதிக்கும் சற்றே செழிப்பான ஒலி வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் அங்கே கச்சேரி செய்வது எளிதாக இருக்காது என்பது என் கருத்து.

எஞ்சி நிற்பது 245 இருக்கைகள் மட்டுமே கொண்ட ரிசைட்டல் ஸ்டூடியோ. தனிக் கச்சேரிகளுக்கும் சிறு குழுக்களுக்கும் என்றே கட்டப்பட்ட அறை அது. நம்மவர்கள் "அவ்வளவு சிறியதா?" என்று தயங்குகிறார்கள். அரங்கு பெரிதானால் கௌரவமும் பெரிதாகும் என்ற எண்ணம் நம் அமைப்புகளிடம் வேரூன்றியிருக்கிறது. விழா மேடைகளில் பொன்னாடை போர்த்தும் நேரம் ஆண்டுக்காண்டு நீள்வதும் அதே எண்ணத்தின் விளைவு என்றே கருதுகிறேன். சிங்கப்பூர் ஆற்றின் கழிமுகத்தை அடுத்துள்ள விக்டோரியா இசையரங்கை 2010 முதல் 2014 வரை புதுப்பித்தபோது, இருக்கைகளைக் கூட்டாமல் முன்பிருந்ததைவிடக் குறைத்து 673 ஆக்கினார்கள் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

நீர்முனைக்கே மாறிய ஓர் இசைத் தொடரையும் சான்றாகச் சொல்லலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ராக்போர்ட் என்னும் கடலோரச் சிற்றூரில் 1980களின் தொடக்கத்தில் உருவான சிற்றிசை (சிறு குழுக்கள் வாசிக்கும் இசை) விழா, ஓவியர் சங்கத்தின் காட்சிக்கூடத்தில் பல்லாண்டுகள் நடந்து, 2010ஆம் ஆண்டில் கடலைப் பார்த்த புதிய அரங்குக்குச் சென்றது. மேடைக்குப் பின்னால் முழுக்கக் கண்ணாடி. அதற்கப்பால் அட்லாண்டிக் கடல். காட்சிக்காக மட்டும் கட்டியிருந்தால் ஆயிரம் இருக்கைகள் போட்டிருப்பார்கள். அவர்கள் 330 இருக்கைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் படகுத்துறையில் ஓல்கா புளூம் என்ற வயலின் கலைஞர் 1977இல் தொடங்கிய இசைத் தொடர் இன்னும் சிறியது. பழைய சரக்குப் படகு ஒன்றுதான் அதன் அரங்கு. எதிர்க்கரையில் மன்ஹாட்டன் கட்டடங்கள் மின்னினாலும், அங்கே ரசிகர்களை ஈர்த்ததில் மரப்பலகைகளுக்கு நடுவே கலைஞருக்கு எட்டும் தூரத்தில் அமர்ந்து கேட்கும் வாய்ப்புக்கும் பெரும் பங்கு உண்டு.

நீர்முனை என்றதும் அமைதி என்று எண்ணிவிடக்கூடாது. 2008 முதல் எஸ்பிளனேடை ஒட்டிய சாலைகளில்தான் இரவு நேர ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடைபெறுகிறது. அந்நாள்களில் சாலைகள் மூடப்படுகின்றன. குடாவில் தேசிய தினக் கொண்டாட்டங்களும் அவற்றுக்கான ஒத்திகைகளும் நடக்கும் காலம் உண்டு. எஸ்பிளனேடின் நீரோரத் திறந்தவெளி மேடையில் பாடுவதென்றால் ஒலிபெருக்கியைத் தவிர்க்கவே முடியாது. அது வழிப்போக்கர்களுக்கு நம் இசையை அறிமுகப்படுத்த நல்ல இடம். இரண்டரை மணி நேரக் கச்சேரியை அமர்ந்து கேட்பதற்கு உரிய இடமன்று.

ஒலிபெருக்கியைப் பற்றியும் ஒரு சொல். மைக் வருவதற்கு முந்தைய தலைமுறை வித்வான்கள் குரலை உயர்த்தியே கூட்டத்தை எட்டவேண்டியிருந்தது. மைக் வந்தபின் தாழ்ந்த குரலிலும் நுணுக்கமாகப் பாட முடிந்தது. வீணைபோன்ற மெல்லிய ஒலி கொண்ட வாத்தியங்களுக்கும் பெரிய சபைகளில் இடம் கிடைத்தது. அந்த நன்மையை மறுக்கவில்லை. இன்று நடப்பது வேறு. இருநூறு பேர் அமர்ந்த கூடத்திலும் மிருதங்கத்துக்கு இரண்டு மைக், அதை மீறிக் கேட்கப் பாடகருக்குக் கூடுதல் ஒலி, வயலினுக்கு எதிரொலிக் கலவை என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். தம்பூரா மட்டும் எங்கோ தொலைந்துபோகிறது. நல்ல அறை அமைந்தால் இந்தச் சங்கிலியிலிருந்து விடுபடலாம் என்பதே, குடாவுக்கு மாறுவதை நான் ஆதரிப்பதற்கு முதன்மையான காரணம்.

தொலைவு என்ற தடையைச் சிலர் முன்வைக்கிறார்கள். அது அவ்வளவு பெரிதன்று. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி, அடுத்த நிலையமான தோபி காட்டில் வட்ட ரயில் பாதைக்கு மாறினால் இரண்டாவது நிலையமே எஸ்பிளனேட். நான் அஞ்சுவது கட்டணத்தையும் நேரத்தையும். கோயில் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு இல்லை. அர்ச்சனைக்கு வந்தவர் ஒரு கீர்த்தனை கேட்டுவிட்டுப் போகலாம். பாட்டு வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகள் தரையில் அமர்ந்து ராகத்தைக் கண்டுபிடிக்கப் போட்டி போடலாம். வாடகை அரங்கில் நேரம் முடிந்தால் விளக்கை அணைத்துவிடுவார்கள். கச்சேரியின் விரிவான பகுதியான ராகம் தானம் பல்லவியை இருபது நிமிடத்துக்குள் அடக்குமாறு கலைஞரிடம் சொல்லும் நிலை வந்தால், புதிய அரங்கால் நமக்கு என்ன பயன்?

எனவே ஏற்பாட்டாளர்களிடம் நான் வேண்டுவது இதுதான். கோயில் கச்சேரிகளை நிறுத்திவிட்டுக் குடாவுக்குப் போகவேண்டாம், அவை தொடரட்டும். ஆண்டுக்குச் சில கச்சேரிகளை மட்டும் ரிசைட்டல் ஸ்டூடியோவில், முழு நீளத்தில், மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் நடத்துங்கள். இடம் போதாவிட்டால் அதே கச்சேரியை மறுநாளும் வைக்கலாம். அரங்கை உறுதி செய்வதற்கு முன் ஒரு பாடகரையும் வயலின், மிருதங்கக் கலைஞர்களையும் அழைத்துச் சென்று, மைக் இல்லாமல் அரைமணி நேரம் பாடச் சொல்லுங்கள். காது பழகிய மூத்த ரசிகர் ஒருவரைக் கடைசி வரிசையில் அமர்த்தி, தம்பூரா கேட்கிறதா என்று அவரிடம் கேட்டபின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
சிராங்கூன் வட்டார வாசகர்,
சிங்கப்பூர்