பொழுதுபோக்காகப் பேசியவர் அல்ல அவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் எங்கள் பக்கத்து விளையாட்டு வானொலி அறிவிப்பாளரைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். அவர் பெயரையும் படத்தையும் நீங்களே போட்டுவிட்டதால் நான் மறுபடி எழுதவில்லை. எங்களுக்கு அவர் அண்ணன். கட்டுரையை வீட்டில் எல்லோரும் கேட்கும்படி நான்தான் வாசித்தேன். மூன்றாவது பத்தியில் அம்மா, "நில்லு, அதைத் திரும்ப வாசி" என்றார். "கடலுக்குப் போகாத நாட்களில் பொழுதுபோக்காக வானொலியில் விளையாட்டுப் பேசி வந்தார்" என்று இருந்தது. திரும்ப வாசித்தேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஐயா, உங்களுக்குத் தெரியாதது இல்லை. எங்கள் ராமேசுவரம் தீவில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் டோக்கன், அதாவது கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு. காலையில் போனால் மறுநாள் காலையில் கரை. படகில் ஏறியவனுக்குத்தான் பங்கு. அண்ணனின் நிகழ்ச்சி திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 மணிக்கு. அப்படியென்றால் திங்களும் புதனும் அவருக்குக் கடல் கிடையாது. சனிக்கிழமை மட்டும் வருகிற ஆளை எந்தப் படகில் வைத்துக்கொள்வார்கள்? இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் கிழிந்த வலை பொத்தும் கூலிதான். வானொலியில் கொடுத்தது பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போனது என்று அண்ணி சொல்லி நானே கேட்டிருக்கிறேன். 2008 முதல் 2022 வரை 14 வருடம், பேசுவதற்காகக் கடலை விட்ட மனிதர் அவர். அதைத்தான் உங்கள் நிருபர் பொழுதுபோக்கு என்று எழுதினார்.

என் கதையையும் சொல்கிறேன். 2011இல் எனக்கு 17 வயது. மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் கரையில் கபடிப் போட்டி வைப்பார்கள். அன்று தடை 45 நாள், 2017 முதல் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள். ஆண்கள் எல்லாம் கரையில் இருக்கும் காலம் அது ஒன்றுதான், அதனால் கபடி, கால்பந்து, வாலிபால் எல்லாம் அப்போதுதான். அந்த வருடம் பெண்கள் பிரிவில் எங்கள் அணி ஜெயித்தது. உங்கள் நாளிதழில் ஆண்கள் அணியில் ஆடிய அத்தனை பேருடைய பெயரும் வந்தது. கடைசி வரியில், "பெண்கள் பிரிவிலும் போட்டிகள் நடைபெற்றன" என்று முடித்திருந்தீர்கள். அன்று மாலை அண்ணன் எங்கள் 7 பேர் பெயரையும், எந்த ஊர், யார் கார்னர், யார் ரெய்டு என்று சொல்லி, கடைசி 3 நிமிடத்தை மட்டும் கால் மணி நேரம் விவரித்தார். நான் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டினேன், ஆனால் எதிரில் 5 பேர்தான் நின்றார்கள், 6 பேர் இருந்தால்தான் போனஸ் செல்லும், நடுவர் கொடுக்காதது சரி என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எங்கள் தெருவில் கருவாடு காயப்போடுகிற பெண்கள் போனஸ் கோடு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். என்னைக் கபடிக்கு அனுப்பமாட்டேன் என்று நின்ற அப்பா, ரேடியோவில் என் பெயரைக் கேட்டபின் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணன் யாரிடமும் படித்து வந்தவரல்ல. ராமேசுவரம் தீவில் இலங்கை வானொலி தெளிவாக எடுக்கும். அதில் தமிழ் உச்சரிப்பு கற்றேன், சேப்பாக்கம் ஆட்டங்களுக்குச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழில் செய்த நேர்முக வர்ணனையில் பொறுமை கற்றேன் என்று சொல்வார். முதலில் மைக் பிடித்தது சாயல்குடிப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்தில். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஓட வேண்டிய தூரம் வேறு. போக வர முழுத் தூரமும் ஜீப்பில் கூடவே போய், புழுதியில் எந்த வண்டி முந்துகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தடை வந்து, 2017 ஜனவரியில் சட்டம் வரும் வரை பந்தயம் இல்லை. அந்த இரண்டரை வருடமும் பழைய சாரதிகளைத் தேடிப் போய்ப் பேச வைத்து ஒலிபரப்பினார். அவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை.

2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் நம் ஆண்கள் கபடி அணி ஈரானிடம் 18-27 என்று தோற்ற அன்று போன் செய்தவர்கள் எல்லாம் திட்டத்தான் செய்தார்கள். 1990இல் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்ததிலிருந்து தங்கம் நம்முடையதாகவே இருந்ததே, வராதா கோபம். அவர் ஒருவர்தான் ஈரான்காரன் எப்படிக் கை கோத்துச் சங்கிலி போட்டுப் பிடிக்கிறான் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வருகிறவர்களைப் பற்றி நீங்கள் பலமுறை எழுதியிருக்கிறீர்கள். 1994இல் பாக் நீரிணையைக் கடந்த குற்றாலீசுவரனையும், 2022 மார்ச்சில் 13 வயதில் நீந்தி வந்த ஜியா ராயையும் நாங்களும் கொண்டாடினோம். ஆனால் இப்படி நீந்துகிறவர்களோடு ராத்திரி முழுக்கப் படகில் வருகிற எங்கள் ஆட்களை ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா? நீவாடு என்கிற கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, எங்கே சொறி என்கிற ஜெல்லி மீன் மிதக்கிறது, எப்போது நேரே போகாமல் சாய்ந்து போகச் சொல்ல வேண்டும் என்று பார்ப்பவர்கள் அவர்கள். அண்ணன் அப்படி ஒருவரை ஒரு மணி நேரம் பேச வைத்தார். உங்கள் பக்கங்களில் எங்கள் கரை வருவது புயலுக்கும், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும்போதும்தான். பிடிபட்ட பையன் நல்ல கோல்கீப்பர் என்பதை நாங்கள் ரேடியோவில்தான் கேட்டோம்.

"வயது காரணமாக விலகினார்" என்பதும் தவறு, ஐயா. அவர் விலகவில்லை. ஒரு மத்தியானம் போன் வந்தது, நாளையிலிருந்து வர வேண்டாம், அந்த நேரத்துக்குச் சென்னை நிகழ்ச்சி வருகிறது என்றார்கள். 14 வருடம் பேசியவருக்கு நேயர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட 5 நிமிடம் தரவில்லை. அதற்கு முன்பே, களத்திலிருந்து நேரடி வர்ணனை செய்கிறேன் என்று அவர் கேட்டபோதெல்லாம் விதியில் இடமில்லை என்றுதான் சொன்னார்கள். தனியார் பண்பலைகளுக்கான 2011ஆம் ஆண்டுக் கொள்கையிலேயே உள்ளூர் விளையாட்டுகளின் நேர்முக வர்ணனைக்கு இடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார், மழையில் நனைந்து எழுத்தே அழியும் வரை. இதை உங்கள் நிருபரிடம் சொன்னாராம். அச்சில் வரவில்லை.

கட்டுரை வந்த அன்று நான் அவர் வீட்டுக்குப் போனேன். "பரவாயில்லம்மா, நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். அந்த "பரவாயில்லை"தான் என்னை இதை எழுத வைத்தது.

நான் கேட்பது இரண்டுதான். "பொழுதுபோக்காக" என்ற சொல்லும் "வயது காரணமாக" என்ற காரணமும் தவறு என்று ஒரு சிறு திருத்தம் போடுங்கள். இன்னொன்று, உங்கள் நிருபர் வாங்கிக்கொண்டு போன புகைப்படம். சாயல்குடியில் ஜீப் மேல் நின்று மைக் பிடித்திருப்பாரே, அதுதான். அவரிடம் இருந்தது அந்த ஒரு பிரதிதான். இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கினாராம். அண்ணன் கேட்கமாட்டார், அண்ணி தினமும் வாசலைப் பார்க்கிறார். அதைக் கசங்காமல் ஒரு உறையில் வைத்து அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி