"தேவ சித்தம்" என்று யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு ஆம்பூர், குடியாத்தம், வாலாஜா, அரக்கோணம் பக்கத்துச் சபைகளிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு வேலூருக்கு வருகிறவர்கள் நிறைய. இங்கே மருத்துவமனையில் படுத்திருக்கும் தங்கள் சபையாரைப் பார்த்து ஜெபித்துவிட்டுப் போவார்கள். அன்பினால்தான் வருகிறார்கள். ஆனால் கட்டிலருகில் நின்று அவர்கள் சொல்லும் சில வார்த்தைகள் நோயைவிட அதிகம் நோகடிக்கின்றன. "எல்லாம் தேவ சித்தம், அழாதீங்க." "ஏதோ நன்மைக்குத்தான் நடந்திருக்கு." "விசுவாசம் இருந்தா இந்நேரம் எழுந்து உட்கார்ந்திருப்பீங்க." "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கா, யோசிச்சுப் பாருங்க." நோயாளர் சந்திப்பு ஊழியத்தில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, நம் வட்டாரத்துச் சபைகளின் கவனத்துக்காக இதை எழுதுகிறோம்.

தேவன் சர்வ ஆளுகையுள்ளவர் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் துளியும் இல்லை. இந்த மண்ணின் சபைகளுக்கு அது புதிய போதனையும் அல்ல. 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன், அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையினுடையது. அந்தத் திருச்சபை கைக்கொண்ட விசுவாச வினாவிடை நூல் 1563-ல் ஹைடல்பர்க் நகரில் வெளிவந்தது. மழையும் வறட்சியும், விளைச்சலும் பஞ்சமும், சுகமும் நோயும், செல்வமும் வறுமையும் தற்செயலாக வருவதில்லை, தகப்பனின் கையிலிருந்தே வருகின்றன என்று அதன் 27-ஆம் விடை சொல்கிறது. பாலாறு வறண்டு கிடப்பதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்த வரி நன்றாகவே புரியும். ஆனால் அடுத்த விடையையும் படிக்க வேண்டும். இதை அறிவதால் என்ன பலன் என்ற கேள்விக்கு 28-ஆம் விடை மூன்றைத்தான் சொல்கிறது: துன்பத்தில் பொறுமை, நன்மையில் நன்றி, வரப்போகும் காரியத்தில் தகப்பன்மேல் நம்பிக்கை. "ஏன் இது நடந்தது என்று அடுத்தவருக்கு விளக்கும் அறிவு" அந்தப் பட்டியலில் இல்லை. கோளாறு தொடங்கும் இடம் அதுதான்.

இந்தப் பேச்சுக்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது, சொந்தச் சகோதரரே குழியில் தள்ளி விற்றுப்போட்ட யோசேப்பை. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற கருத்துள்ள வசனம் துக்க வீட்டில் கட்டாயம் வாசிக்கப்படும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். யோசேப்பு விற்கப்பட்டபோது வயது 17. எகிப்து ராஜாவான பார்வோனுக்கு முன் நின்றபோது 30. செழிப்பான வருஷம் 7, பஞ்சத்தில் 2 கழிந்த பிறகே சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்துகிறான். ஆக 22 வருஷம். அப்போதும் முதலில் சத்தமிட்டு அழுகிறான், பிறகுதான் "தேவன் என்னை உங்களுக்கு முன்னே அனுப்பினார்" என்கிறான். நாம் வாசிக்கும் அந்த வசனமோ இன்னும் 17 வருஷம் தள்ளி, யாக்கோபு இறந்த பிறகு வருகிறது. 39 வருஷம் கழித்து, குழியில் தள்ளப்பட்டவனே, தன் வாயால் சொன்னது. அதை நாம் அடக்கம் முடிந்த மூன்றாம் நாளில், குழிக்கு வெளியே நின்றுகொண்டு சொல்கிறோம்.

சிறையில் இருந்த காலத்தில் யோசேப்பு என்ன செய்தான்? உடன் சிறையிலிருந்த பானபாத்திரக்காரனைப் பார்த்து, பார்வோனிடம் என்னைப்பற்றிச் சொல்லி வெளியே எடுத்துவிடு என்று கேட்டான். தேவன் ஆளுகிறார் என்று நம்புகிறவன் விடுதலைக்கு வழி தேடக்கூடாது என்று வேதத்தில் எங்குமே இல்லை.

வேலூரிலேயே இப்படித் தவறாகக் கையாளப்படும் சரித்திரங்கள் இரண்டு உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவரானார். 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு இந்த மருத்துவமனையை இங்கே தொடங்கினார். உண்மை, பெருமைக்குரியது. ஆனால் பிரசங்கத்தில் "அந்த மூன்று சாவும் இந்த ஆஸ்பத்திரிக்காகத்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த மூன்று கணவர்களின் வாசலில் நின்று அப்படிச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அடுத்தது மேரி வர்கீஸ் அம்மையார். 1954-ல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது 1966-ல். நடுவில் 12 வருஷம் ஓடியிருக்கிறது. நேற்று லாரி மோதிக் கால் இழந்த பையனிடம் அந்த 12 வருஷத்தைத் தாண்டிக் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டுவது ஆறுதல் ஆகாது.

எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள்மேல் குற்றம் இல்லை. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கடைசியில் தேவகோபத்துக்கு ஆளானார்கள். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும், சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தியிலும், பாவத்துக்குத்தான் இந்தத் துன்பம் என்ற கணக்கை இயேசு ஏற்கவே இல்லை. ஆகவே பாவத்தைத் துருவும் கேள்வியைச் சந்திப்புக் குழுவினர் கேட்கவே கூடாது. நோயாளி தானாக ஏதேனும் மனம்விட்டுச் சொல்ல விரும்பினால், மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஆயர் ஒருவர் மட்டும் கேட்கட்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது? இரண்டு பேருக்கு மேல் வார்டுக்குள் போக வேண்டாம். மற்றவர்கள் கீழே காத்திருக்கட்டும். பத்து நிமிஷம் போதும். கட்டிலில் உட்காராமல், நோயாளியின் கண் மட்டத்துக்கு வரும்படி ஸ்டூலில் உட்காருங்கள். உள்ளே போகும் முன்பும் வந்த பின்பும் கை கழுவுங்கள். சளி, இருமல் இருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம். முதலில் கேளுங்கள்: "ஜெபிக்கலாமா?" வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஜெபம் ஒரு நிமிஷம், தாழ்ந்த குரலில்; பக்கத்துக் கட்டிலில் வங்காளத்திலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த ஒருவர் வலியோடு படுத்திருப்பார். வாசிக்க 13-ஆம் சங்கீதம் நல்லது, ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, அவருடைய கிருபையை நம்புவதில் முடிகிறது. அந்த முடிவுக்குக்கூட இன்னும் வர முடியாதவர்களுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அதன் 18 வசனங்களும் புலம்பல், நண்பர்கள் விலகிப்போனார்கள் என்றே முடிகிறது, விடியல் வருவதில்லை. அதையும் ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கிறார். நோயாளி அழுதால் அழட்டும். "தேவ சித்தம்" என்ற வார்த்தை வர வேண்டுமானால் அவர் வாயிலிருந்து வரட்டும். வந்தால் "ஆமென்" சொல்லுங்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் அதைச் சொன்ன இயேசுதான் அந்தத் துன்பப் பாத்திரத்தைக் குடிக்கப்போனவர்; பக்கத்தில் இருந்த சீஷர்கள் அல்ல.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். "இனி மாத்திரை வேண்டாம், விசுவாசியுங்கள்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிர் போகலாம். சிறுவயதிலிருந்து இன்சுலின் போடும் பிள்ளைக்கு அதை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தம் அமிலமாகி மயக்கம் வரும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்கே அடங்காமல் போகும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரை மருத்துவரைக் கேட்காமல் உபவாச ஜெபத்தில் உட்கார வைக்காதீர்கள்; சர்க்கரை இறங்கி விழுந்துவிடுவார். சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகும் தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்கும் பற்றும் ஒரே அதிகாரத்தில்தான் இருக்கின்றன.

கையில் கொண்டுபோவதிலும் கவனம் வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரும் வாழைப்பழமும் ஆரஞ்சு ஜூஸும் ஆபத்து. அவற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். நர்ஸைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். அதைவிட, வேனில் வருகிறவர்களில் 18 வயது நிரம்பிய, 45 கிலோவுக்குக் குறையாத, ஆரோக்கியமானவர்கள் ரத்த வங்கியில் விசாரித்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

மரணம் நேர்ந்தால், அடக்க ஆராதனைக்குக் கூட்டம் தானாக வரும். இரண்டாம் வாரத்தில்தான் வீடு வெறிச்சோடும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் நடந்திருந்தால் அவர்கள் அனுப்பிய விவரத்தில் பெயரும் எழுத்தும் சரியா என்று பார்க்க வேண்டும், பிழை இருந்தால் பிறகு வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் அலைச்சல். அடுத்து வாரிசுச் சான்றிதழ், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதரவற்ற விதவைக்கு மாதம் 1,200 ரூபாய் அரசு உதவித்தொகை உண்டு, தகுதி இருந்தால் அதற்கும் எழுதிப் போட வேண்டும். உயிரோடு இருக்க விருப்பமில்லை என்று யாராவது சொன்னால் பிரசங்கம் பண்ணாமல், தனியே விடாமல் கூடவே இருந்து, மனநல உதவிக்கான 104 அல்லது 14416 என்ற எண்ணை அழையுங்கள். சபைக் கமிட்டி ஒவ்வொரு துக்க வீட்டுக்கும் ஒருவரை மூன்று மாதத்துக்குப் பொறுப்பாக வைத்து, இந்த வேலைகளை அவர் பெயரிலேயே எழுதிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
நோயாளர் சந்திப்பு ஊழியத்தில் இருக்கும் சிலர்,
வேலூர்.