யேனாஞ்சாங் படம் வரைந்த தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் உன் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன். கூட்டத்தில் உன்னிடம் சரியாகப் பேச முடியவில்லை. நம் ஆட்கள் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

எண்ணெய் தேடி வந்த மூன்று நிலவியலாளர்கள். காய்ந்த செம்மண் மேடு, அங்கங்கே பனை, கீழே பர்மாவின் ஐராவதி ஆறு. ஒருவர் பாறையைச் சுத்தியலால் தட்டுகிறார். இன்னொருவர் மண்ணடுக்கின் சாய்வை அளக்கிறார். மூன்றாமவர் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னை நிறுத்தியவர் அவர்தான். ரஷ்ய ஓவியர் பாவெல் நிகோனவ் 1962-ல் வரைந்த ‘நிலவியலாளர்கள்’ படத்தை நீ பார்த்திருப்பாய். வீரம் காட்டாத, களைத்துப்போன மனிதர்கள். அந்த வருடம் மாஸ்கோ கண்காட்சியில் சோவியத் தலைவர் குருஷேவ் திட்டித் தீர்த்த படங்களில் அதுவும் ஒன்று. இன்று திரெத்யாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. களைப்பை வரையத் துணிச்சல் வேண்டும், உனக்கு அது இருக்கிறது.

சாய்வு அளக்கும் ஆளை நீ வரைந்த விதமும் சரி. மண்ணுக்குள் அடுக்குகள் கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி வளைந்திருந்தால், அதன் முதுகுக்குக் கீழேதான் எண்ணெய் தேங்கி நிற்கும். மேலே தெரியும் பாறையின் சாய்வை அளந்து அளந்துதான் அந்தத் தோணி எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். அதனால்தான் உன் ஆட்கள் யாரும் தூரத்து வானத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறார்கள்.

ஆனால் தம்பி, அந்தத் தரையில் வேறு யாருமே இல்லையே! படத்துக்குக் கீழே யேனாஞ்சாங் என்று எழுதியிருக்கிறாய். அது ஆளில்லாத காடாக இருந்த ஊரா? ஊர்ப் பெயரிலேயே எண்ணெய் இருக்கிறது. ‘யேநான்’ என்றால் நிலத்தெண்ணெய், ‘சௌங்’ என்றால் ஓடை. 1797-ல் அங்கே போன ஹிராம் காக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 500-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். எல்லாம் கையால் தோண்டியவை. 24 குடும்பங்கள் பரம்பரை பரம்பரையாக அவற்றுக்கு உரிமைக்காரர்கள். அந்த எண்ணெயில் விளக்கு எரித்தார்கள், மரத்துக்குப் பூசினார்கள், ஓலைச்சுவடியைப் பூச்சி அரிக்காமல் காத்தார்கள். பர்மா ஆயில் கம்பெனி தொடங்கியதே 1886-ல்தான். துளையிடும் எந்திரம் அதற்கும் பிறகு.

கிணற்றிலிருந்து எண்ணெய் எடுத்த முறையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் சரிவில் இறங்கி ஓடுவார்கள், பானை மேலே வரும். நம் ஊர்க் கவலை ஏற்றமேதான், மாடுகள் இறங்கும் சரிவில் மனிதர்கள்!

தோண்டுகிறவன் கதை இன்னும் பெரிது. உள்ளே வாயு. மூச்சு தாங்குகிற கொஞ்ச நேரத்தில் வெட்டிவிட்டு மேலே வந்துவிட வேண்டும். வெயிலிலிருந்து இறங்கினால் இருட்டுக்குக் கண் பழகவே அந்த நேரம் போய்விடும். அதனால் இறங்குவதற்கு முன்பே கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு காத்திருப்பானாம். கீழே போய்க் கட்டை அவிழ்த்தால் உடனே பார்வை தெரியும். இதையெல்லாம் எழுதிவைத்தவர் யார் தெரியுமா? ஃபிரிட்ஸ் நோட்லிங் என்ற ஜெர்மானிய நிலவியலாளர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக வேலை பார்த்தவர். நீ வரைந்த மூவரைப் போன்ற ஒருவர்தான். அவர் பாறையை மட்டும் பார்க்கவில்லை, கிணற்று வாசலில் நின்று அந்த மனிதனையும் பார்த்திருக்கிறார்.

நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் குடும்பம் அந்த எண்ணெயில் சோறு தின்றது. தாத்தா ரங்கூன் பக்கத்துச் சிரியத்தில், அதாவது இன்றைய தன்லினில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் டின்னில் மண்ணெண்ணெய் அடைக்கும் வேலை செய்தார். “எண்ணெய் குழாயில வருது” என்பார், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் கையில் கிடைக்கக் கூடாது என்று வெள்ளைக்காரர்களே ஆலையைக் கொளுத்தினார்கள். ஏப்ரலில் யேனாஞ்சாங் கிணறுகளையும் அழித்தார்கள். அந்தப் புகையைப் பற்றித் தாத்தா சாகும்வரை பேசினார். குழாயின் மறுமுனையில் யார் இருந்தார்கள் என்று அவரும் கேட்டதில்லை, அப்பாவும் கேட்டதில்லை, ஐம்பது வயதுவரை நானும் கேட்டதில்லை.

இந்தப் படத்தைத் திருத்தச் சொல்லவில்லை, இது முடிந்த படம். அடுத்ததாக அந்தக் கிணற்று வாசலை வரை. கயிறு இழுக்கும் பெண்களும் இருக்கட்டும். முன்னால், கண்ணைக் கட்டிக்கொண்டு தன் முறைக்காக உட்கார்ந்திருக்கும் ஒருவன். நோட்டுப் புத்தகத்தோடு நிலவியலாளர் ஓரமாக நிற்கட்டும். வெளிச்சம் உனக்கு நல்ல சவாலாக இருக்கும்: ஒரு பக்கம் யேனாஞ்சாங் இருக்கும் மக்வே வட்டாரத்து வெயில், ஒரு பக்கம் அந்தக் குழி.

வரைய ஆரம்பித்தால் சொல்லு. நோட்லிங் எழுதியதில் நான் குறித்துவைத்த பக்கங்களை எடுத்துக்கொண்டு தன்லினிலிருந்து வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்