முதலில் பம்பு, பெயின்ட் பிறகு: தீயணைப்புப் படகுக்கு நன்கொடை வேண்டுகோள்

வணக்கம்.

பினாங்குத் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தீயணைப்புப் படகு ஒன்று பிறை ஆற்றங்கரையில் கரையேற்றி நிற்கிறது. அதை மறுபடியும் தண்ணீர் அடிக்க வைக்க 42,000 வெள்ளி (ரிங்கிட்) தேவை. பெயின்ட் மட்டும் பூசிக் காட்சிக்கு வைத்தால் கால்வாசிப் பணத்தில் முடிந்துவிடும். படகைச் சீரமைக்கும் எங்கள் குழுவுக்கு அதில் விருப்பமில்லை. தண்ணீர் அடிக்காத தீயணைப்புப் படகு வெறும் தகரம்.

இதில் தண்ணீர்த் தொட்டி கிடையாது, கடல்தான் தொட்டி. மேல்தளத்து மானிட்டரின் (தண்ணீர் பீய்ச்சும் பீரங்கி) நாசில், அதாவது முனைவாய், 38 மில்லிமீட்டர் விட்டம். 7 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,500 லிட்டர் பாயும். 2,000 லிட்டர் தொட்டி வைத்த பொம்பா (தீயணைப்புத் துறை) வண்டி அந்த வேகத்துக்கு ஒரு நிமிடம்கூடத் தாங்காது. பீய்ச்சும்போது ஏறக்குறைய 160 கிலோ விசை படகைப் பின்னால் தள்ளும். இன்ஜினை எதிர்த்துக் கொடுத்துத்தான் தண்டல் (படகை ஓட்டுபவர்) படகை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். மானிட்டரைப் பிடித்திருக்கும் 8 போல்ட்டில் 3 கையாலேயே சுழல்கின்றன. அவற்றை நம்பி அழுத்தம் ஏற்ற முடியாது.

பெரிய நோய் பம்பில். வெண்கல இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரம்), வார்ப்பிரும்பு உறை. இரண்டும் உப்புத்தண்ணீரில் சேர்ந்தால் இரும்புதான் அரிபடும். அதற்காகவே துத்தநாகக் கட்டி வைப்பார்கள்: அது கரைந்து இரும்பைக் காக்கும், பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். இங்கே நாலு கட்டியும் போய், உறையில் விரல் நுழையும் குழி. அடித்தட்டில் கடல்நீர் நுழையும் வாயைக் கொட்டலசு (படகில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிர்) அடைத்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் பம்புக்குள் ஜல்லி உருள்வதுபோல் சத்தம் வரும், இம்பெல்லர் ஓரம் தின்றுபோகும். சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவை அடக்கும் கிளாண்ட் பேக்கிங் 5 வளையமும் புதிதாகப் போட வேண்டும். சொட்டுச் சொட்டாகக் கசிய விட வேண்டிய இடம் அது. கசிகிறதென்று முறுக்கியே யாரோ தண்டின் உறையைச் சுட்டுவிட்டார்கள்.

பழைய படகுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: 1931-இல் கட்டிய நியூயார்க்கின் ஜான் ஜே. ஹார்வி 1990-களிலேயே ஓய்வு பெற்றது. 2001 செப்டம்பர் 11-இல் நிலத்தடிக் குழாய்கள் உடைந்தபோது, அதைக் கூப்பிட்டுத்தான் ஆற்றுத் தண்ணீரைக் கரைக்கு ஏற்றினார்கள். நாம் பொம்பாவுக்குப் போட்டி போடவில்லை. ஆனால் பினாங்கின் வெல்ட் கீ ஓரத்தில், கடல்மேல் கால்நட்டுக் கட்டிய ஜெட்டி வீடுகளின் பலகை நடைபாதையில் எந்தத் தீயணைப்பு வண்டியும் ஏறாது. அங்குள்ள பிள்ளைகள் இந்தத் தண்ணீர் பாய்வதைக் கண்ணால் பார்க்கட்டும்.

பம்புக்கும் நீர்வாய்க்கும் 19,000 வெள்ளி. அடித்தட்டு இரும்புத் தகடு, கரைமேடை வாடகை 16,500. மானிட்டர் 6,500. பணம் தர இயலாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பைத் தரலாம். குறிப்பாக வெல்டிங், லேத் தெரிந்தவர்கள் வேண்டும். பொருளாளர் கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய வால்வு கொண்டுவருவோர் அது வெண்கலமா, பித்தளையா என்று பார்த்துக் கொண்டுவாருங்கள். சாதாரணப் பித்தளை கடல்நீரில் துத்தநாகத்தை இழந்து செம்பு நிறமாகிப் பொடிந்துவிடும்.