பிள்ளை பெற்றவளுக்கும் பிபி பாருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு,

கர்ப்பத்தில் பிபி பார்ப்பதைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை, பிபி, சிறுநீரில் புரதம் எல்லாம் பார்க்கிறார்கள், 140/90 தாண்டினால் உஷாராகிவிடுகிறார்கள். என் வருத்தம் பிரசவத்துக்கு அப்புறம் நடப்பதில்தான்.

நஞ்சுக்கொடி விழுந்தால் பிபியும் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் இறங்கும்தான், ஆனால் உடனே இல்லை. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் மறுபடி ஏறும், சரியாக அந்த நேரத்தில்தான் டிஸ்சார்ஜ். கர்ப்பம் முழுக்க நார்மலாக இருந்த பெண்ணுக்கும் பிரசவமான ஆறு வாரத்துக்குள் இது புதிதாக வரலாம்.

என் சித்தி மகளுக்கு ஆபரேஷன். டிஸ்சார்ஜ் சீட்டில் குழந்தையின் தடுப்பூசித் தேதி இருந்தது, தையல் காட்ட வேண்டிய தேதி இருந்தது. பிபி மாத்திரை சாப்பிடுகிற அவளுக்கு அடுத்து பிபி எப்போது பார்ப்பது என்று ஒரு வரி இல்லை. தாய் வீட்டுக்கு வந்தவுடன் தலைவலி, கண் மங்கல். முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்றார் ஒருவர். தலையில் நீர் கோத்திருக்கிறது என்று பெரியம்மா சாம்பிராணி போட்டார். பக்கத்துத் தெரு நர்ஸ் அக்கா வந்து பார்த்தபோது 180/110. 108-ல் ஏற்றி, மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டதால் ஜன்னி (வலிப்பு) வராமல் தப்பினாள்.

பிள்ளை பெற்றவள் புகுந்த வீட்டில் இருப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும், உங்கள் பதிவேட்டுக்குத் தெரியாதா? கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தருகிற பிக்மி எண் கையில் இருக்கிறதே, டிஸ்சார்ஜ் அன்றே தாய் வீட்டுப் பக்கத்து செவிலியருக்குத் தகவல் போகட்டும். பிபி இருந்தவர்களுக்குப் பிரசவமான 3 நாளுக்குள் ஒரு தடவை, 7 முதல் 10 நாளுக்குள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அந்தத் தேதிகளைச் சீட்டிலேயே எழுதுங்கள். குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வருகிறவர் அம்மா கையிலும் பிபி பட்டையைச் சுற்றட்டும், 45-ம் நாள் ஊசிக்கு வரும்போதும் அப்படியே.

இன்னொன்று, கர்ப்பத்தில் பிபி ஏறிய இந்தப் பெண்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக பிபி பார்க்கிறீர்கள், அந்தப் பட்டியலில் வயது பார்க்காமல் இவர்களையும் சேருங்கள்.