உங்கள் கம்பெனியின் மென்பொருள் பட்டியல் வேண்டும்

வேளச்சேரி, சென்னை

அன்புள்ள கீதா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து, வாக்கர் இல்லாமலே சமையலறை வரை வருகிறாள். வந்து என் ரசத்தைக் குறை சொல்கிறாள் என்றால் பழைய தெம்பு திரும்பிவிட்டது என்றுதானே அர்த்தம்! கோவைக்கு வந்து உன் புது வீட்டைப் பார்க்க ஆசைதான், செமஸ்டர் விட்டால்தானே.

என்னதான் ஆராய்ச்சி பண்ணுகிறாய் என்று போனில் கேட்டாய். பேச்சில் சொன்னால் பாதியில் வேறு எங்கோ போய்விடுவோம், அதனால்தான் இந்தக் கடிதம். வெளியிடப்படும் மென்பொருளில் யாராவது கள்ளத்தனமாக எதையாவது நுழைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளை வைத்து 2024 மார்ச்சில் வெடித்த விவகாரம் உனக்குத் தெரியும். வேறு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ன்ட் என்ற பொறியாளர் துருவப் போய்த்தான், அதில் ஒளித்துவைத்த பின்கதவு, அதாவது ரகசிய நுழைவழி, பிடிபட்டது. அந்த அரை நொடியைத்தான் எல்லோரும் கதையாகச் சொல்கிறார்கள். என் மாணவர்களுக்கு நான் காட்டுவது வேறு இடம். கெட்ட பைனரித் துண்டு, சோதனைக் கோப்பு என்ற பெயரில் மூலநிரலை எல்லோரும் பார்க்கக்கூடிய கிட் களஞ்சியத்திலேயே கிடந்தது. மென்பொருளைக் கட்டும்போது அதை எழுப்பிவிடும் எம்4 ஸ்கிரிப்ட் மட்டும் அங்கே இல்லை. வெளியீட்டு டார்பாலில், அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் இறக்கிக்கொள்ளத் தரும் மூலநிரல் மூட்டையில்தான் இருந்தது. களஞ்சியத்தை வரிவரியாகப் படித்தவருக்கும் அது கண்ணில் பட வழியே இல்லை.

ஒரே டார்பாலிலிருந்து இரண்டு முறை பில்டு செய்து (நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றி), ஒரு பைட்கூடப் பிசகாமல் ஒத்துப்போனாலும் இங்கே பிரயோஜனமில்லை. இரண்டிலும் அதே விஷம்தான் இருக்கும். அதனால் நாங்கள் டார்பாலையே களஞ்சியத்தில் அந்தப் பதிப்புக்கென்று குறித்துவைத்த டேகோடு ஒப்பிடுகிறோம். கேட்க எளிது. ஆனால் பில்டுக்கு முன்னேற்பாடு செய்ய ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கும் கன்ஃபிகர் கோப்பு ஒன்றே ஆயிரக்கணக்கான வரி. அது களஞ்சியத்தில் பெரும்பாலும் இருக்காது. கோப்புகளை ஒப்பிடும் டிஃபோஸ்கோப் கருவி காட்டியதை உருட்டிக்கொண்டே இருந்த ஒரு பையன், "மேடம், எல்லாமே வித்தியாசம்னுதான் காட்டுது" என்றான். சிக்கலே அதுதான். நியாயமான வித்தியாசங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் மனிதர் பார்க்கும் அளவுக்குச் சுருக்க வேண்டும்.

எந்த மென்பொருள் தொகுப்புகளை முதலில் சோதிக்க எடுப்பது? நிஜத்தில் கம்பெனிகள் எதை நம்பி ஓட்டுகின்றனவோ, அதை. இங்கேதான் உன் உதவி வேண்டும். ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி ஆர்வமாகக் கூப்பிட்டது. காபியெல்லாம் கொடுத்தார்கள். எந்தெந்தத் தொகுப்புகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற பட்டியல் வேண்டும் என்றதும் லீகலைக் கேட்க வேண்டும் என்றார்கள். லீகல் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறது! அவர்கள் பயமும் புரிகிறது. எந்தப் பழைய பதிப்பு இன்னும் ஓடுகிறது என்பதை எஸ்பாம் எனப்படும் அந்தப் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம், ஒரு மாணவி போலித் தொகுப்பு ஒன்றைப் போட்டு யார் யார் நிறுவுகிறார்கள் என்று பார்க்கலாமா என்றாள். கூடாது என்றுவிட்டேன். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஓட்டையுள்ள பேட்ச்களை (நிரல் திருத்தங்களை) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அனுப்பிப் பார்த்ததும், 2021 ஏப்ரலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளுக்கே தடை விழுந்ததும், கட்டுரை திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கிறதா? மனிதர்கள் மீதான ஆய்வல்ல என்று அவர்களுடைய நெறிமுறைக் குழு சொல்லியிருந்ததாம். உட்கார்ந்து அந்தப் பேட்ச்களைப் படித்தவர்கள் பின்னே யார்? சம்பளமில்லாமல் ராத்திரியில் மென்பொருள் லைப்ரரி பராமரிக்கிறவரின் நேரத்தைத் தின்று பேப்பர் போடுவதில் எனக்கு இஷ்டமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் எஸ்பாம் வழிகாட்டுதல் வெளியிட்ட பிறகு உங்கள் டீமும் பட்டியல் தயாரித்திருக்கும். பதிப்பு எண்களை நீக்கிவிட்டு, தொகுப்புகளின் பெயர்களை மட்டும் தா. ஏதாவது கிடைத்தால் முதலில் அந்தத் தொகுப்பைப் பராமரிப்பவருக்கும் உனக்கும்தான் சொல்வோம். கட்டுரையில் உங்கள் கம்பெனி பெயர் வராது. லீகலுக்குக் காட்ட ஒரு பக்கக் கடிதம் நானே எழுதித் தருகிறேன், யார் பெயருக்கு என்று மட்டும் சொல். டிசம்பர் விடுமுறைக்குள் வந்துவிட்டால் பிள்ளைகள் ஊருக்குப் போகுமுன் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுவேன்.

உன் வீட்டுக்காரரையும் சின்னவளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மல்லிகா