போர்டைக் கழற்றி வைக்கிறோம், அளந்து சொல்ல வாருங்கள்

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் தொழில் செய்யும் வயர்மேன்களுக்கும் எலக்ட்ரிகல் கடைக்காரர்களுக்கும், காங்கேயத்துக்கு அருகில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் ஒருவன் எழுதும் மடல்.

வணக்கம். வீட்டு வயரிங்கில் நாங்களே கை வைக்கிறோம் என்பது உங்களுக்குப் புதிய செய்தி அன்று. மாட்டுக்கொட்டகைக்கு ஒரு லைட், கிணற்று மேட்டில் ஒரு பிளக் பாயிண்ட், புறவாசலில் வாஷிங் மெஷினுக்கு ஓர் இணைப்பு என வேலை சிறியதாக இருக்கும்போது, "ஒரு பாயிண்டுக்கா? ஞாயித்துக்கிழமை பாக்கலாமுங்க" என்ற பதிலோடு நான்கு ஞாயிறுகள் கழிந்துவிடுகின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. திருப்பூர்க் கம்பெனி வேலையையும் புது வீட்டு வேலையையும் விட்டுவிட்டு, ஒரு சாக்கெட் மாட்ட இருபது கிலோமீட்டர் வண்டியோட்டி வருவதில் உங்களுக்கு என்ன மிஞ்சும்? மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளே பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் முதலியவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்வதற்கு மட்டும் விலக்குத் தந்து, மற்ற வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடம் விட்டன என்பதை அறிவேன். புதிதாக ஒரு பாயிண்ட் இழுப்பது அந்த விலக்கில் அடங்காது. அடங்காது என்று தெரிந்தும் ஊரெல்லாம் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால்தான் இந்த மடல்.

சென்ற பங்குனியில் வாஷிங் மெஷினுக்காக நானே 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றை மாட்டினேன். சிவப்பு (ஃபேஸ்), கறுப்பு (நியூட்ரல்), பச்சை (எர்த்) மூன்றையும் அதனதன் இடத்தில்தான் முறுக்கினேன். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உங்களில் பலர் செய்யக் கண்டபடி, ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. போர்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். பத்து நாள் கழித்து, ஈரக் கையோடு மெஷினைத் தொட்ட என் மனைவிக்கு முழங்கை வரை சுரீரென்று இழுத்தது. ஓட்டம் மிஞ்சினால் தானே இறங்கவேண்டிய சுவிட்சான எம்சிபி இறங்கவே இல்லை.

மில் ஒன்றில் மின்பராமரிப்பு பார்க்கும் உறவினர் எர்த் டெஸ்டரைக் கொண்டுவந்து அளந்தபோது எர்த் குழியின் தடை 50 ஓமைத் தொட்டது. அதன்பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. அந்தச் சிறிய ஓட்டத்துக்கு 50 ஓம் தடையில் 20 வோல்ட்தான் விழும். வெளிச்சம் சற்று மங்கினாலும், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொரு பல்பு இல்லாதவரை கண் அதைக் கண்டுபிடிக்காது. ஆனால் மெஷினின் தகட்டில் ஃபேஸ் நேராகப் பட்டுவிட்டால், 230 வோல்ட்டுக்கு அந்தக் குழி வழியாக ஓடக்கூடியது 4.6 ஆம்பியர், 16 ஆம்பியர் எம்சிபி அதை வழக்கமான லோடு என்று எண்ணிச் சும்மா இருக்கும், தகடு மின்சாரத்தோடு நிற்கும். மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்திருந்தால் அக்கணமே துண்டித்திருக்கும். என் போர்டில் அது இல்லை. வாங்கச் சொல்லி யாரும் சொன்னதும் இல்லை.

குழியைத் தோண்டினேன். பைப்பின் தலையில் எர்த் கம்பியைப் பிடித்திருந்த நட்டு, நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. உப்பும் கரியும் இருந்த இடத்தில் காய்ந்த கட்டிகள். கோடையில் தண்ணீர் ஊற்றுவதற்காக வைத்த புனல் சிமெண்டுக்குக் கீழே கிடந்தது. (வாசலுக்குச் சிமெண்ட் போட்டவன் நான்தான்.) மழை மறைவில் கிடக்கும் நம் சுக்கான் மண்ணில், ஐப்பசியில் போட்ட குழி சித்திரையிலும் அதே எர்த்தைக் கொடுக்கும் என்று நம்புவதற்கு ஆதாரமே இல்லை.

வயர்மேன்களே, வேலையைச் செய்து தரச் சொல்லி நான் கேட்கவில்லை. நாங்கள் செய்ததை அளந்து பார்த்துச் சொல்வதை ஒரு தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றே கேட்கிறேன். மெக்கர் என்ற கருவியை வைத்து வயரின் இன்சுலேஷனைப் பார்ப்பது, எர்த் டெஸ்டரால் குழியை அளப்பது, ஆர்சிசிபி எத்தனை மில்லிஆம்பியரில் விழுகிறது என்று சோதிப்பது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர வேலை. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது விழுகிறதே என்று நாங்கள் திருப்தியடைந்துவிடுகிறோம். அந்தப் பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். "நாங்க செய்யாத வேலைக்கு நாங்க பொறுப்பாக முடியாதுங்க" என்று ஒருவர் என்னிடம் மறுத்தார். நியாயம்தான். பொறுப்பு வேண்டாம்; தேதி போட்டு, அளந்த எண்களை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். தவறாக இருந்தால் எந்த வயரைக் கழற்றவேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

கடைக்காரர்களிடம் கேட்பது சிறியது. சிவப்பும் கறுப்பும் மட்டும் மீட்டர் கணக்கில் கேட்டு வருபவரிடம், எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஹீட்டருக்கு என்றால் 1 சதுர மில்லிமீட்டரை வெட்டிக் கொடுக்காதீர்கள். பச்சையையும் சேர்த்துக் கட்டுங்கள். எம்சிபி வாங்க வந்தவரிடம் ஆர்சிசிபி இருக்கிறதா என்று விசாரியுங்கள். விலை கூடுதல் என்று முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

வருகிறவருக்கான கட்டணத்தை நீங்களே சொல்லுங்கள். மெயினை இறக்கி, போர்டைக் கழற்றி, குழியின் மூடியையும் திறந்து வைத்துவிட்டுத்தான் உங்களுக்குப் போன் செய்வோம்.

இப்படிக்கு,
சாளைக்காரன் ஒருவன்